தோட்டக் குழுவோடு நர்சரிக்குக் கிளம்பும் முன்

போன மாசியில் எங்கள் சேலம் மாடித்தோட்டக் குழுவோடு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நாள் போய் வந்தோம். திரும்பும்போது பார்க்கிறேன், புதிதாகச் சேர்ந்த நாலு பேர் மாங்கன்றுகளை ஜன்னலோரமாக நிறுத்தி, காற்றாட இருக்கட்டும் என்று கண்ணாடியையும் திறந்து வைத்திருக்கிறார்கள். எட்டு வருஷம் முன்னால் நான் செய்ததேதான். எழுந்துபோய் ஒவ்வொன்றாகச் சாத்தினேன். ஒரு அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது, புழுக்கமாக இருக்கிறதாம். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு விளக்கவா முடியும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், சில்லறை இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வளர்ப்பது

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் சுற்றுவட்டாரம் மாங்கன்றுக்குப் பேர்போனது. 2017-இல் அங்கேதான் ஒரு இமாம்பசந்து ஒட்டுக்கன்று வாங்கினேன். ஒட்டுக்கன்று என்றால் பார்க்க ஒரு செடி, உள்ளபடி இரண்டு. கீழே இருப்பது ஏதோ ஒரு மாங்கொட்டை முளைத்து வந்தது, வேருக்காக மட்டும். மேலே இருப்பதுதான் நாம் காசு கொடுக்கிற ரகம், காய்க்கிற மரத்திலிருந்து எடுத்த குச்சி. இரண்டையும் சீவிச் சேர்த்து பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள், அந்த இடம்தான் ஒட்டு. அந்தக் குச்சியால்தான் மூணு நாலு வருஷத்தில் காய்க்கிறது. கொட்டைக்கன்று என்றால் ஆறு ஏழு வருஷம், சிலது அதற்கு மேலும் இழுக்கும், காய்த்தாலும் பழம் எப்படி இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அனல் காற்றில் இலை படபடக்கக் கொண்டுவந்து, மறுநாளே கொல்லையில் நட்டு, நல்லது செய்கிற நினைப்பில் தண்டைச் சுற்றி ஒரு கூடை எருவையும் குவித்தேன். ஒட்டு அதற்குள் மூடிப் போச்சு. இரண்டே வாரத்தில் மேலே இருந்த இலையெல்லாம் கொட்டி நுனி கறுத்தது. அழாத குறை. அப்புறம் ஒரு நாள் காலையில் மண்ணை ஒட்டிச் செம்புநிறத்தில் துளிர்! போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன், எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கு என்னோடு வாங்கிய தோழி 2021-லேயே ஒரு பை பழம் கொடுத்தனுப்பினாள். என் மரம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி நிற்கிறது, ஒரு பூ இல்லை. எலும்புத்தூள் போடு என்றார்கள், போட்டேன். மீன் அமிலம், பஞ்சகவ்யம், தண்ணீரைக் குறை, தண்ணீரைக் கூட்டு, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. 2023-இல் குழுவின் பங்குனிக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் வந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வண்டிச் சாவியால் அடிமண்ணைக் கிளறினார்.

"ஏம்மா, ஒட்டு எங்க?"

மண்ணுக்குள் கட்டைவிரல் நீளத்தில் உளுத்துப்போன ஒரு குச்சித் துண்டு, மக்காத பிளாஸ்டிக் நாடா இன்னும் அதன் கழுத்தில். அதுதான் என் இமாம்பசந்து. ஆறு வருஷம் நான் ஊட்டி வளர்த்தது அதற்குக் கீழே இருந்து கிளம்பிய பேர் தெரியாத கன்றை. நர்சரிக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை, தோழியின் கன்றும் அங்கே வாங்கியதுதானே. என் மேல்தான் கோபம். அந்தப் போட்டோவுக்குக் கைதட்டியவர்களில் ஒருத்தராவது துளிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கலாம் என்ற எரிச்சலும் இன்னும் போகவில்லை.

ஆகவே, காசு கொடுக்கும் முன் ஒட்டு எங்கே என்று விரலால் தடவிப் பாருங்கள். அதற்கு மேலே ஒரு முறையாவது புதுத்துளிர் விட்டு இலை முற்றியிருக்கிற கன்றாக எடுங்கள். ஓடுகிற பஸ்ஸின் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் ஜன்னலைச் சாத்தி, கன்றைக் காலடியில் வைத்து, ஈரச்சாக்கு சுற்றுங்கள். வந்ததும் நடாமல் பத்துப் பதினைந்து நாள் நிழலில் வையுங்கள். முடிந்தால் பங்குனி, சித்திரை வெயிலைத் தாண்டவிட்டு மழைக்கு நடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நாலு விரலாவது நிற்க வேண்டும், எருவோ சருகோ அதைத் தொடக் கூடாது. ஒட்டு நன்றாகப் பிடித்ததும் நாடாவை அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் தண்டு பருக்கப் பருக்க அது இறுக்கும். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் பார்த்த அன்றைக்கே நகத்தால் கிள்ளுங்கள். ஒட்டு ரோஜாவுக்கும் இதே கதைதான். அடியிலிருந்து சரசரவென்று கிளம்பும் கிளையின் இலை வேறு மாதிரி இருந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

பேர் எழுதாத விதை

கூட்டத்தில் விதைப் பகிர்வு நடக்கும், ஆளுக்கொரு பொட்டலம் நீட்டுவார்கள். ரகம், எடுத்த மாதம் இரண்டும் எழுதியிராத பொட்டலத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினால் முளைப்பது சந்தேகம். வீரிய (ஹைப்ரிட்) ரகத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது. சுரைக்காய் விஷயத்தில் கூடுதல் கவனம்: காய் கசந்தால் சமைக்கவும் வேண்டாம், அதன் விதையை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். கசப்புச் சுரைச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது.

ஊட்டியில் செடி வாங்குவது

வேண்டாம். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், சேலம் முன்னூறைத் தொடாது. அங்கே குலுங்குகிற ஹைட்ரேஞ்சியா இங்கே சித்திரையைப் பார்க்காது. மே மாத மலர்க்காட்சிக்குப் போனோமா, தாவரவியல் பூங்காவைச் சுற்றினோமா, வர்க்கி வாங்கினோமா என்று திரும்புங்கள். வண்டி பேசியதும் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுங்கள். 2024 மே முதல் அந்த முறை வந்திருக்கிறது, எங்கள் குழுவில் அதைக் கடைசி நாளில்தான் யோசித்தோம்.

பூங்காவில் கிளை ஒடிப்பது

கூடாது. பையில் ஒளித்து வைத்தாலும் கூடாது.

கூட்டம் நடக்கிற மாடியில் பஞ்சகவ்யக் கேனைத் திறப்பது

அந்த நாற்றத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அந்த மரம் என்ன ஆச்சு

வெட்டிப் போடவில்லை. நெஞ்சளவில் தலையை அறுத்து, கிளம்பிய துளிர்களில் மூன்றில் இமாம்பசந்துக் குச்சி ஒட்டுக் கட்டிக் கொடுத்தார் சார். இரண்டு பிடித்திருக்கிறது. கீழே துளிர் வந்தால் இப்போது என் பையனே கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகிறான்.