தனியாக வெளிநாடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ராயபுரத்திலிருந்து பினாங்கு வரை

சென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவில் காலையில் நான் கண்ணில் படாவிட்டால், சாயங்காலத்துக்குள் இரண்டு பேராவது வந்து கதவைத் தட்டுவார்கள். எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவுக்குக்கூடத் தெரியும். அப்படி வளர்ந்த நான் 2024-இல் முதல்முறையாகத் தனியாக மலேசியாவின் பினாங்குக்குப் போனேன். அங்கே செய்த தவறுகளை இப்போது எண்ணிப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். என்னை அறிந்தவர்கள் சுற்றிலும் இருப்பார்கள் என்ற பழக்கம் என்னோடு விமானமேறி வந்துவிட்டது.

மலேசியா எங்கள் பகுதிக்குப் புதிய ஊர் அல்ல. சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் 'சிதம்பரம்' கப்பல் போய்வந்த காலம் உண்டு. 1985-இல் அதில் தீ விபத்து நேர்ந்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. அதில் போன பெரியவர்கள் தனியாகத்தான் போனோம் என்பார்கள். ஆனால் நாள்கணக்கில் ஒரே தளத்தில் உண்டு உறங்கியவர்கள், கரை இறங்கும்போது உறவாகிவிட்டிருப்பார்கள். விமானத்தில் நான்கு மணி நேரம்தான். பக்கத்து இருக்கையில் இருந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் இறங்கிவிடுகிறோம்.

முதல் தவறு பெயரிலேயே நடக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் இன்னொரு வரிசை. நான் பழக்கதோஷத்தில் இனிஷியலோடு டிக்கெட் எடுத்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் கவுண்ட்டரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டும் நான்தான் என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. பெயரைத் திருத்தி, அதற்குப் பணமும் கட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ அதுவே, எழுத்துக்கு எழுத்து, டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்னர், அதே பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சமிருக்கிறதா என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மலேசியா போகிறவர்கள், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறந்துவைக்க வேண்டும். போய் இறங்கியதும் அந்த ஊர் சிம் கார்டைப் போடுவதற்காக நம் சிம்மைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி நமக்கு வராது. புறப்படும் முன்பே ரோமிங்கைத் திறந்து, இரண்டு சிம்மையும் போனிலேயே வைத்திருங்கள். ஏடிஎம் இயந்திரம் 'ரூபாயில் கணக்கிடட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுப் பணத்திலேயே எடுங்கள். ரூபாயில் கணக்கிட்டால் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

அடுத்த தவறைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. பர்மா பஜாருக்கும் மண்ணடிக்கும் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு, அடுத்தவர் சரக்கைச் சுமந்து பறக்கும் 'குருவி' யாரென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அதே நாம், 'என் மச்சானுக்கு ஒரு சின்னப் பார்சல்மா, ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வான்' என்று தெரிந்தவர் ஒருவர் நீட்டினால் மறுக்கக் கூசுகிறோம். மறுக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. பையில் இருந்தது என்னவென்று தெரியாது என்று சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை நம் தலையில்தான் விழும். எனக்கும் ஒருவர் அப்படி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். என் கண் முன்னால் பிரித்து, ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் எடுத்துப்போவேன் என்றேன். முகம் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். உள்ளே வெறும் முறுக்கே இருந்திருக்கலாம். ஆனாலும் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வீட்டுப் பொட்டலத்தையும் பார்க்க வேண்டும். அம்மா குருமாவுக்கு அரைத்துக் கொடுக்கும் பொடியில் கசகசா இருக்கும். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள்.

சென்னையில் பாரிமுனை இருக்கும் பகுதியைப் போலவே, பினாங்கின் தலைநகருக்கும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பெயர். அங்குள்ள மகாமாரியம்மன் கோயில் தெருவில் பூக்கட்டும் வாசனையும் தமிழ்ப் பாட்டும் சேர்ந்து வர, பாரிமுனைப் பக்கமே வந்துவிட்டது போல மனம் தளர்ந்தேன். அந்தத் தளர்ச்சியில்தான் பெரிய தவறைச் செய்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அம்மாவிடம் சொன்னால் பதறுவார் என்று 'நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன். போனில் சார்ஜ் தீர்ந்ததுகூடத் தெரியவில்லை. ஒன்றரை நாள் என்னிடமிருந்து ஒரு சொல்லும் போகவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது 'பினாங்கு' என்ற ஒரு சொல்தான். விடுதியின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ நான் கொடுத்திருக்கவில்லை. தெருவே எங்கள் வீட்டில் கூடி, மலேசியாவின் இன்னொரு ஊரான கிள்ளானில் யாரோ ஒருவருக்கு யாரோ இருக்கிறார்கள் என்று எண் தேடி அலைந்திருக்கிறார்கள். கிள்ளானிலிருந்து பினாங்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

விடுதியைப் பார்த்துக்கொண்ட சீன அம்மா, நான் கீழே வராததைக் கவனித்துத் தானாகவே கஞ்சி கொண்டுவந்தார். கேட்டிருந்தால் முதல் நாளே கொண்டுவந்திருப்பார். கேட்பது இழிவு என்று நான் நினைத்திருந்தேன். அவரே மருத்துவரிடமும் கூட்டிப்போனார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் கேட்டபோது எனக்கு அந்த மாத்திரையின் பெயர் வாயில் வரவில்லை. ராயபுரத்தில் மீன்கார அக்கா அறிந்த ஒன்று, என் கையில் ஒரு தாளில்கூட இல்லை. போனுக்கு உயிர் வந்த பிறகு அம்மாவுக்குப் பேசினேன். அங்கே இரவு பத்து மணி, இங்கே ஏழரை. அம்மா திட்டவில்லை, வெகுநேரம் எதுவுமே பேசவில்லை.

இப்போது புறப்படும் முன் ஒரு தாள் எழுதுகிறேன். தங்கும் இடங்களின் பெயர், முகவரி, தேதி; போகவர விமான எண்கள்; பாஸ்போர்ட் நகல்; பயணக் காப்பீட்டு எண்; ரத்த வகை; ஒத்துக்கொள்ளாத மருந்து; அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் எண். பாஸ்போர்ட் தொலைந்தால் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு தூதரகம் போனால் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். அப்போது பாஸ்போர்ட் நகல் கையில் இருந்தால் வேலை எளிதாகும். எத்தனை மணிக்குப் பேசுவேன் என்பதை நம் நேரத்தில் எழுதுகிறேன். எத்தனை மணி நேரம் பேச்சில்லாவிட்டால் முதலில் விடுதியை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும்.

அடுத்த பயணத்தின்போது அந்தத் தாளை அம்மா நாட்காட்டிக்குப் பின்னால் செருகிவைத்தார். மீன்கார அக்காவும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.