‘கெட்’: அடுத்த சொல்லைப் பாருங்கள், பொருள் பிடிபடும்

‘கெட்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் பொருள்கள் வரிசையாக நீளும். அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். அதன் பின்னால் என்ன வருகிறதோ, அதுதான் பெரும்பாலும் பொருளை முடிவு செய்கிறது.

முதலில் வடிவம். இறந்தகாலம் ‘காட்’. மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. ‘ஐ டிட்ன்ட் காட்’ தவறு. ‘டிட்’ வந்தாலே இறந்தகாலம் வந்துவிட்டது, அதனால் ‘ஐ டிட்ன்ட் கெட்’.

படி 1: பின்னால் பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. ‘ஐ காட் எ லெட்டர்’: கடிதம் வந்தது. ‘கெட் மீ சம் வாட்டர்’: தண்ணீர் கொண்டு வா.

படி 2: பண்பைச் சொல்லும் சொல் வந்தால் நிலை மாறுகிறது. ‘இட்ஸ் டார்க்’ என்றால் இருட்டாக இருக்கிறது. ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது.

படி 3: இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘ஐ காட் டு சென்னை’ சரி. ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் ‘டு’ போடக்கூடாது: ‘ஐ காட் ஹோம்’.

படி 4: இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். ஆள், ‘டு’, வினை என்று வந்தால், பேசி இணங்க வைத்துச் செய்ய வைப்பது: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. ‘மேக்’ போட்டால் ‘டு’ போய்விடும், கட்டாயப்படுத்திய தொனியும் வரும்: ‘ஐ மேட் ஹிம் சைன்’.

ஒரு பொருளின் பெயரும் வினையின் மூன்றாம் வடிவமும் வந்தால், வேலையைப் பெரும்பாலும் வேறொருவர் செய்திருக்கிறார்: ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்’. மேஸ்திரி கட்டிய வீட்டைத் தமிழில் ‘வீடு கட்டினேன்’ என்கிறோம். சலூனுக்குப் போய்வந்து ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். அதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்லிப் பழகுங்கள்.

படி 5: ஏறுவதும் இறங்குவதும். ‘கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்’ இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘கெட் ஆஃப் தி பஸ்’ என்பார்கள். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’. குனிந்து ஏறி உட்காரும் காருக்கு ‘இன்’, ‘அவுட் ஆஃப்’. சைக்கிளும் பைக்கும் மேலே உட்காருவதால் ‘ஆன்’, ‘ஆஃப்’ பக்கம்.