தோல் ஷாப்புக் கழிவு ஏறிய மண்ணை மண்புழுவை வைத்துச் சோதிப்பது எப்படி

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர் ஏறிய நிலத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் மொத்தக் குரோமியம் இவ்வளவு என்று ஓர் எண் வரும். அதை வைத்து மண்புழு உடம்பில் எவ்வளவு சேரும் என்று சொல்ல முடியாது. மண்நீரில் கரைந்த உலோகம் தோல் வழியாகவும், தின்ற மண்ணிலுள்ளது குடல் வழியாகவும் புழுவுக்குள் போகிறது. எவ்வளவு கரையும் என்பதை மண்ணின் பி.எச். (புளிப்பு-கார அளவு), மட்கு, களி, உப்பு ஆகியவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் இந்த நான்கையும் அளந்துவிடுங்கள். பி.எச்., உப்பைக் காட்டும் இ.சி. (மின்கடத்துதிறன்), மட்கைக் காட்டும் அங்ககக் கரிமம் மூன்றும் சாதாரண மண் பரிசோதனை அட்டையிலேயே வரும். பி.எச். இறங்கினால் காட்மியமும் துத்தநாகமும் கரைந்து புழுவுக்கு எட்டும். மட்கும் களியும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே அளவு காட்மியம் இருந்தாலும், ஆற்றோர மணல் சாரி நிலத்தில் அதிகமாகவும் எரு போட்டு வளர்த்த களி நிலத்தில் குறைவாகவும் ஏறும். தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை இன்னும் நகரவிடும்.

குரோமியத்தின் போக்கு வேறு. தோல் பதனிடுவதில் சேர்ப்பது மூன்று இணைதிறன் குரோமியம். பி.எச். 6-க்கு மேல் அது படிந்து கிடக்கும், புழுவுக்கு அவ்வளவாகப் போகாது. ஆறு இணைதிறன் குரோமியமோ கார மண்ணில் கரைந்து ஓடும், நஞ்சும் அதிகம். காட்மியத்துக்கு நல்லது என்று சுண்ணாம்பு போட்டுப் பி.எச்.-ஐ ஏற்றினால் இங்கே கேடாகிவிடலாம். மட்கிய எருவோ ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றும். ஆறு இணைதிறனைத் தனியே அளக்க, மண்ணைக் காயவைக்காமல் ஈரத்தோடு குளிரில் வைத்து உடனே கொடுங்கள்.

சோதனைக்கு மூன்று மண் வேண்டும்: பாதித்த மண், அதே ஊரில் கழிவு எட்டாத மேட்டு மண், அந்த மேட்டு மண்ணிலேயே சமையல் உப்புக் கரைசல் விட்டுப் பாதித்த மண்ணின் இ.சி.-க்குக் கொண்டுவந்தது. மூன்றாவது இல்லாவிட்டால் உப்பால் செத்த புழுவை உலோகம் கொன்றதாக எழுதிவிடுவீர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்கு 500 கிராம் உலர் மண், அந்த மண் பிடித்துவைக்கக்கூடிய நீரில் பாதியளவு ஈரம், 5 கிராம் காய்ந்த சாணத்தூள். சாணத்தை மேலே தூவாமல் கலந்துவிடுங்கள். மேலே கிடந்தால் புழு மண்ணை விட்டு அதையே தின்னும். மண்புழு உரத்துக்கு வளர்க்கும் ஐசீனியா ஃபெடிடா புழுவில் கழுத்துப் பட்டை தெரிகிற (வளர்ந்த), 300 முதல் 600 மில்லிகிராம் எடையுள்ளவை டப்பாவுக்கு 10. வாரம் ஒருமுறை டப்பாவின் எடையைப் பார்த்து, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு நீரை விடுங்கள். 21 நாள் நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் இதைத் தொடங்கவே வேண்டாம், ஐப்பசிக்குப் பிறகு செய்யுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். எடுத்த புழுவைக் கழுவி, ஈர வடிதாள்மேல் 48 மணி நேரம் விட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடம்பின் நடுவே கறுப்புக் கோடு தெரியும். அது குடலில் இருக்கிற மண். அந்தக் கோடு மறையாமல் அளந்தால், ஈயமும் குரோமியமும் புழுவில் ஏறியதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் மண்ணைத்தான் அளந்திருப்பீர்கள். போட்ட எச்சத்தைப் புழு திரும்பத் தின்னும் என்பதால் தாளைத் தினமும் மாற்றுங்கள்.

எவர்சில்வர் இடுக்கி, மிக்ஸி இரண்டும் கூடாது. எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம். பிளாஸ்டிக் இடுக்கியும் பீங்கான் கல்வமும் போதும். புழுக்களை உறையவைத்து, 60 முதல் 80 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். ஒரு டப்பாப் புழு 4 கிராம் என்றால் உலர்ந்தபின் முக்கால் கிராம்கூடத் தேறாது. ஆகவே ஒரு டப்பாப் புழுக்களையெல்லாம் சேர்த்து ஒரே சாம்பிளாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

உலர் புழுவில் உள்ள உலோகத்தை உலர் மண்ணில் உள்ளதால் வகுத்தால் சேர்மான விகிதம் வரும். காட்மியத்துக்கு இது 1-ஐத் தாண்டுவது வழக்கம், ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் பெரும்பாலும் 1-க்குள் நிற்கும். துத்தநாகத்தையும் தாமிரத்தையும் புழு தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். அவற்றின் விகிதத்தைக் கொண்டு மண்ணை எடைபோடாதீர்கள்.

மீந்த புழுவைக் கோழிக்குப் போடாதீர்கள், வயலிலும் விடாதீர்கள்.