துறவி நண்டில் ஒட்டுண்ணியைத் தேடுவது எப்படி?

கொழும்புக் கரையோரம், வெள்ளவத்தை முதல் கல்கிசை வரை ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் பாறைகளில் சங்கைச் சுமந்து திரியும் துறவி நண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உடலில் வேறொரு ஓட்டுடலி (நண்டு, இறால் ஆகியவை அடங்கும் பிரிவைச் சேர்ந்த உயிரி) ஒட்டுண்ணியாகக் குடியிருக்கக்கூடும். நண்டுக்குக் காயம் இல்லாமல் அதைத் தேட வழி உண்டு.

படி 1: தேடுவதை அறிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகைகள் முக்கியமானவை. போபிரிட் என்னும் சிறிய ஓட்டுடலி பெரும்பாலும் தலைமார்பு ஓட்டின் பக்கவாட்டிலுள்ள செவுள் அறைக்குள் வாழும். சில இனங்கள் வயிற்றில் ஒட்டியிருக்கும். பெண் தட்டையாகவும் கோணலாகவும் இருக்கும். அதன்மேல் மிகச் சிறிய ஆண் தொற்றிக்கொண்டிருக்கும்.

மற்றது பெல்ட்டோகாஸ்டர். பாறையில் ஒட்டும் கொட்டலசுக்கு இது உறவு என்றால் நம்புவது கடினம். காலும் இல்லை, ஓடும் இல்லை. நண்டின் உடலுக்குள் வேர்போலப் பரவி உணவை உறிஞ்சும். பிறகு அதன் இனப்பெருக்கப் பை மட்டும் நண்டின் வயிற்றுக்கு வெளியே வரும். நண்டு பெரும்பாலும் மலடாகிவிடும். ஆண் நண்டுகள்கூடப் பெண்ணின் இயல்புகளைப் பெறுவதுண்டு. தன் முட்டைகளைப் பேணுவதுபோலவே அந்தப் பையையும் நண்டு துப்புரவாக்கிப் பேணும். கடற்கரை உயிரியலில் என்னை இந்த அளவுக்கு உலுக்கிய செய்தி வேறில்லை.

படி 2: நேரம் பாருங்கள்

கொழும்பில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அப்போது பாறைக்குப் போகவே வேண்டாம். வழுக்காத செருப்பு அவசியம். தண்டவாளத்தைக் கடக்கும்போது இருபுறமும் பாருங்கள்.

படி 3: சங்கு மாற்ற விடுங்கள்

நண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். சங்கை விடுவதைவிட உடல் கிழிவதையே அது ஏற்கும். ஒளி ஊடுருவும் பெட்டியில் நண்டு இருந்த பாறைக் குட்டையின் நீரை நிரப்பி, நிழலில் வையுங்கள். உடைந்த அல்லது இறுக்கமான சங்கிலுள்ள நண்டு ஒன்றை அதில் விடுங்கள். அருகில், சற்றுப் பெரிய வெற்றுச் சங்குகள் சிலவற்றைப் போடுங்கள். அவற்றையும் அதே குட்டையிலேயே பொறுக்குங்கள். கைபேசியில் மெதுவசைவு வீடியோவை ஓடவிட்டு அசையாமல் இருங்கள்.

நண்டு புதுச் சங்கைக் காலால் தடவி, உள்ளே கொடுக்கை நுழைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் சட்டென்று தாவும். அந்தக் கணத்தில்தான் மென்மையான வயிறு வெளியே தெரியும். சில நண்டுகள் மாறவே மாறா. நீர் சூடாகும் முன் அவற்றைத் திருப்பி விடுங்கள்.

படி 4: வீடியோவைப் படியுங்கள்

தொடக்கக்காரர்கள் முட்டையையும் பையையும் குழப்பிக்கொள்வார்கள். முட்டைகள் வயிற்றின் இடப்பக்கக் கால்களில் மணிமணியாகக் கொத்தாகத் தொங்கும். பெல்ட்டோகாஸ்டரின் பை வழவழப்பாக, நீண்டு உருண்டு, மஞ்சள் அல்லது சிவப்புச் சாயலில் இருக்கும்; மணிகள் இராது. தலைமார்பு ஓட்டின் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் போபிரிட்டைச் சந்தேகிக்கலாம். சங்கின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சாதாரணக் கொட்டலசு ஒட்டுண்ணி அல்ல.

படி 5: எழுதி வையுங்கள்

நாள், இடம், பார்த்த நண்டுகளின் எண்ணிக்கை, அவற்றில் ஒட்டுண்ணி தெரிந்தவை. ஒன்றுமே தெரியாத நாளையும் எழுதுங்கள். அது இல்லாமல் விகிதம் கணக்கிட முடியாது. பையைக் கண்டாலும் பிய்க்காதீர்கள்: வேர் உள்ளேயே தங்கிவிடும், நண்டுக்கு மிஞ்சுவது புண்தான். நண்டுகளையும் மீதிச் சங்குகளையும் எடுத்த குட்டையிலேயே விட்டுவிடுங்கள்.