'தி லாஸ்ட் டான்ஸ்' பற்றி எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

விளையாட்டு ஆவணத் தொடர்களைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் 1997-98 பருவத்தை மையமாக வைத்து ஜேசன் ஹெஹிர் இயக்கிய பத்து எபிசோடுகள். பெயர்ப் பிழை, கதைச் சுருக்கத்தையே விமர்சனமாக நீட்டுவது போன்றவற்றை எடிட்டரே பிடித்துவிடுவார். மற்றதைப் பார்ப்போம்.

பார்வையாளர் எண்ணிக்கையைத் தீர்ப்பாக்குவது

அமெரிக்க விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னில் சராசரியாக 56 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று எழுதினால், அது 2020 ஏப்ரல், மே மாதங்கள் என்பதையும் எழுதுங்கள். கொரோனாவால் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்கள் நின்றுபோயிருந்தன. ஜூனில் வரவேண்டிய தொடரை முன்னுக்கு இழுத்ததே அதனால்தான்.

'ஜோர்டானின் விளம்பரப் படம்' என்று ஒரே வரியில் முடிப்பது

திரும்பத் திரும்ப எரிச்சலூட்டுவது இதுதான். அடிப்படைத் தகவலில் தவறில்லை. ஜோர்டான் சம்மதித்தால்தான் வெளியிடலாம் என்ற பேச்சோடுதான் என்பிஏ படக்குழு 1997ல் அணிக்குள் நுழைந்தது. 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சிகள் 2016 வரை கிடப்பில் கிடந்தன. அவருடைய ஜம்ப் 23 நிறுவனம் தயாரிப்பில் பங்காளி. ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் ஆட்சேபித்ததும் இதைத்தான்.

ஆனால் பர்ன்ஸின் ஆட்சேபம் தயாரிப்பு முறை பற்றியது. ஜோர்டானின் பிடி எந்தக் காட்சியில் தெரிகிறது என்று காட்டுவது விமர்சகரின் வேலை. எட்டாவது எபிசோடை எடுங்கள். 1996 இறுதிச் சுற்றில் ஜோர்டானைக் களைப்படைய வைத்ததாகச் சொல்கிறார் எதிரணியான சியாட்டிலின் வீரர் கேரி பேட்டன். அந்தப் பேட்டியை டேப்லெட்டில் பார்க்கும் ஜோர்டான் வாய்விட்டுச் சிரிக்கிறார். பேட்டனால் தனக்கொரு தொல்லையும் இல்லை என்கிறார். பார்ப்பவரும் கூடவே சிரித்துவிடுவார்.

இப்போது ஸ்கோரைத் திறந்து பாருங்கள். முதல் மூன்று ஆட்டங்களில் ஜோர்டான் எடுத்தது 28, 29, 36 புள்ளிகள். நான்காவது ஆட்டத்திலிருந்து பேட்டனின் காவல்: 23, 26, 22. கடைசி ஆட்டத்தில் 19 முறை எறிந்ததில் ஐந்துதான் விழுந்தது. எல்லாம் பேட்டனால் மட்டுமே என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் சிரித்துத் தள்ளும் விஷயமும் இல்லை. கடைசிச் சொல் யாருக்குக் கிடைக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டே பாருங்கள். தொடர் வில்லனாக நிறுத்தும் புல்ஸ் பொது மேலாளர் ஜெர்ரி க்ராஸ் 2017லேயே இறந்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை.

மறுபக்கமும் வேண்டும். பயிற்சியில் ஜோர்டான் சக வீரர் ஸ்டீவ் கெர்ரைக் குத்தியதும் மற்றவர்களை வறுத்தெடுத்ததும் இதே தொடரில்தான் வருகின்றன. வெறும் விளம்பரம் என்றால் இவை எதற்கு? ஒரு வரித் தீர்ப்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

எம்மி விருது

2020ல் கிடைத்தது. அதற்கு ஒரு வரி போதும்.

கதைமாந்தரை விமர்சகர் கணக்கில் சேர்ப்பது

தொடரில் பெரும்பகுதி பொய் என்று முன்னாள் புல்ஸ் வீரர் ஹோரஸ் கிராண்ட் கொதித்தார். அணியின் உள்விஷயங்களை வெளியே சொன்னவர் என்று தொடரில் ஜோர்டான் சுட்டிக்காட்டியது அவரைத்தான். ஜோர்டானின் சக வீரர் ஸ்காட்டி பிப்பனும் 2021ல் தன் நூலில் மனக்குறையைக் கொட்டினார். இவர்கள் தரப்புச் சாட்சிகள். விமர்சகர்களோடு கலக்காமல் தனிப் பத்தி கொடுங்கள்.

இல்லாதவர்களைத் தேடாமல் விடுவது

நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பேட்டி கொடுத்த தொடரில் புல்ஸ் 1996 முதல் 1998 வரை வென்ற மூன்று கோப்பைகளிலும் சென்டராக ஆடிய லூக் லாங்லி இல்லை. முன்னாள் புல்ஸ் வீரர் கிரெய்க் ஹாட்ஜஸும் இல்லை.