பழைய வண்டிக்கு மாற்றுச் சாவி: தேய்ந்ததை நகலெடுக்காதீர்கள்

அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் என் கைக்கு வந்தபோது கூடவே வந்தது ஒரே ஒரு சாவி. பல்லெல்லாம் மழுங்கி, கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. இக்னிஷனில் நுழைத்து, லேசாக வெளியே இழுத்து, இடப்பக்கம் ஓர் ஆட்டு ஆட்டினால்தான் திரும்பும். அப்பாவுக்கு அது கைப்பழக்கம், எனக்கு வரவில்லை. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் டூப்ளிகேட் போட்டேன். புதுச் சாவி டேங்க் மூடியைத் திறந்தது, இக்னிஷனில் அசையவே இல்லை. ஒருநாள் அவசரத்தில் பலம் கொடுத்துத் திருப்பினேன். பாதி என் கையில், பாதி பூட்டுக்குள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். நகலெடுக்கும் இயந்திரம் சாவியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் அதே வடிவத்தை இன்னொரு தகட்டில் வெட்டும். எது பல், எது தேய்மானம் என்று அதற்குத் தெரியாது. இருபது வருடத் தேய்மானத்தையும் சேர்த்தே புதுச் சாவியில் இறக்கிவிடும். பூட்டுக்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாக இறங்கும், உருளை சுற்றும். ஒரே ஒரு தகடு மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் சுற்றாது. நகலை வைத்து மறுநகல் எடுத்தால் பிழை இன்னும் கூடும்.

சரியான வழி இரண்டு. ஒன்று, சாவி எண். வண்டி புதிதாக வந்தபோது கொடுத்த சாவியின் மேலோ, அதோடு கோத்திருந்த சின்ன உலோகத் தகட்டிலோ அந்த எண் இருக்கும். சில வண்டிகளில் பூட்டின் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். எண் கிடைத்தால் ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் என்பது தெரிந்துவிடும், தொழிற்சாலையிலிருந்து வந்த சாவியைப் போலவே வெட்டலாம். பழைய பில், கையேடு கிடக்கும் பெட்டியை ஒருமுறை கவிழ்த்துத் தேடுங்கள். கிடைத்தால் எண்ணை எழுதி வீட்டில் வையுங்கள். சாவிக்கொத்திலேயே தொங்கவிடாதீர்கள், சாவியோடு அதுவும் போய்விடும்.

எண் இல்லையென்றால், சாவியை விட்டுவிட்டுப் பூட்டைக் கொண்டுபோக வேண்டும். தேர்ந்த சாவிக்காரர் பூட்டைக் கழற்றி, தகடுகளின் உயரத்தைப் பார்த்தே புதுச் சாவியை அரத்தால் ராவிவிடுவார். இல்லாவிட்டால் வெட்டாத சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பி, தகடுகள் பதிக்கும் தடத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ராவுவார். பொறுமையான வேலை, அரைமணி நேரம்கூட ஆகலாம். கூலி அதிகம் கேட்டால் கொடுக்கத் தயங்காதீர்கள். கழற்ற எளிது என்று டேங்க் மூடியை மட்டும் கொடுத்தனுப்புவது இன்னொரு தவறு. சில வண்டிகளில் மூடிப் பூட்டில் இருக்கும் தகடுகள் இக்னிஷனில் இருப்பதைவிடக் குறைவு. அதற்குப் பொருந்துகிற சாவி இக்னிஷனுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. வண்டியையே ஓட்டிப்போய், கடை வாசலில் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாவி முறிந்து உள்ளே நின்றுவிட்டால் ஃபெவிகுவிக்கைத் தொடவே தொடாதீர்கள். முறிந்த துண்டை ஒட்டி இழுக்கலாம் என்று தோன்றும், கடைசியில் தகடுகள்தான் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு சாவியால் உள்ளே தள்ளுவதும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில் விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்றைக்கு நன்றாகத்தான் திரும்பும். பிறகு தெருப்புழுதி எண்ணெயில் குழைந்து களிம்பாகித் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சுரண்டிய பொடியைச் சாவியில் தடவி நுழைத்து எடுக்கலாம்.

பூட்டே போய்விட்டது என்றால் லாக் செட், அதாவது எல்லாப் பூட்டும் ஒரே சாவியோடு வரும் தொகுப்பு, மாற்ற வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரைதான் வந்தது. அதைப் போன்ற வண்டிகளுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்து தேட வேண்டியிருக்கும். ‘எல்லா மாடலுக்கும் சேரும்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். பழைய இக்னிஷன் ஸ்விட்சைக் கையோடு கொண்டுபோய் கப்ளரின் (வயர்களை இணைக்கும் பிளக்கின்) வடிவம், வயர்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகள் மூன்றையும் ஒப்பிடுங்கள். சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து உருவிப் பாருங்கள். வந்துவிட்டால் அந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹேண்டில் லாக் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. மட்டமான செட்டில் பூட்டின் முளை முழுதாக உள்வாங்காமல் நிற்கும். வளைவில் திரும்பும்போது அது மாட்டினால் ஆள் விழுவார். மாட்டிய பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டு, பத்துத் தடவை பூட்டித் திறந்து, ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எங்காவது உரசினால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

‘இப்போதைக்கு’ என்று மெக்கானிக் இக்னிஷன் வயரைக் கத்தரித்து, சாவியே இல்லாமல் கிளம்பும்படி டைரக்ட் கொடுப்பார். அந்த இப்போதைக்கு ஆறு மாதம் நீளும். அதுவரை உங்கள் வண்டியை யார் வேண்டுமானாலும் உதைத்துக் கிளப்பலாம்.

முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டும் என்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் ஸ்ப்ளெண்டருக்கு ஒரு பெரியவர் பழைய உருளையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த இரண்டு தகடுகளை மட்டும் மாற்றினார். பழைய வண்டியை அதன் சொந்த பாகங்களோடு காப்பாற்ற நினைப்பவர்கள் இப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

காரில் கணக்கு வேறு. ஆரம்பகால மாருதி 800-க்கு வெறும் உலோகச் சாவி போதும். பின்னால் வந்த பல கார்களில் சாவித் தலைக்குள் ஒரு சிப் உண்டு. அது இல்லாத நகல் கதவைத் திறக்கும், இக்னிஷனிலும் திரும்பும், எஞ்சின் மட்டும் கிளம்பாது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சாவியாவது கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். எல்லாம் தொலைந்தபின் செய்வது பல கார்களில் பெரிய செலவு.

சாவிக்காரர் ஆர்சி கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்பவர்தான் நல்லவர். பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். திருட்டுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருந்தால், வண்டி களவு போனபிறகு நிறுவனம் இரண்டு அசல் சாவியையும் கேட்கும். ஒன்று குறைந்தால் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களோ என்ற கேள்வி வரும். அதனால் சாவி தொலைந்த அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். லாக் செட் மாற்றிய பில்லை ஆர்சி நகலோடு சேர்த்து வையுங்கள். பழைய பூட்டின் சாவியையும் தூக்கி எறியாமல், எந்தத் தேதி வரை ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதி அதே உறையில் போடுங்கள்.