'கோ', 'வென்ட்', 'கான்': எங்கே எது?

'ஐ டிட் நாட் வென்ட்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவரா நீங்கள்? இதைச் சரிசெய்ய நம் தமிழே உதவும்.

'போனேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துகொண்டதால், வினைச்சொல் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும்: 'ஐ டிட் நாட் கோ'. கேள்வியிலும் அப்படித்தான்: 'டிட் யூ கோ?' ஆக, 'டிட்' வரும் வாக்கியத்தில் 'வென்ட்' வராது. 'ஐ வென்ட் எஸ்டர்டே' போலத் தனியாக நிற்கும்போதுதான் அதற்கு வேலை.

'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் 'கான்'. 'ஐ ஹேவ் வென்ட்' தவறு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலர் கவனிப்பதே இல்லை. 'ஷி ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் அவர் லண்டன் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. 'ஷி ஹேஸ் பீன் டு லண்டன்' என்றால் போய்விட்டு வந்துவிட்டார். நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றிப் பேசும்போது 'ஐ ஹேவ் பீன் டு' என்பதே சரி. நீங்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்களே!

அப்புறம், 'கோ'வுக்கும் 'வென்ட்'டுக்கும் ஒலியில் ஒட்டே இல்லையே என்று தோன்றலாம். 'வென்ட்' உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு பழைய வினைச்சொல்லின் இறந்தகால வடிவம். பிற்பாடு 'கோ'வோடு சேர்ந்துவிட்டது. அதனால் விதி தேடாமல், மூன்றையும் வாக்கியங்களாகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.